பாலைவனத்தில் பொங்கல் வைக்கப் போகும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். அமெரிக்கா வந்து ஒன்றரை வருடம் ஆகிறது, ஃபீனிக்ஸ் பக்கம் சாண்ட்லரில் வேலை. பழைய சரக்கு வேன் ஒன்றை வாங்கி உள்ளே கட்டிலும் அடுப்பும் போட்டிருக்கிறீர்கள். டெக்சஸிலும் கலிஃபோர்னியாவிலும் வேனோ, ஆர்வி என்று சொல்லும் வீட்டு வண்டியோ வைத்திருக்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். 6 வண்டி, குழந்தைகளோடு 15 பேர். பொங்கலை ஒட்டி நான்கு நாள் அரிசோனாவின் குவார்ட்சைட் பாலைவனத்தில் கூடலாமா, எங்கே தங்குவது, அனுமதி வேண்டுமா, சாப்பாட்டை எப்படி ஏற்பாடு செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகக் கூடலாம். நாங்கள் பத்து வருடத்துக்கு மேலாகப் போய் வருகிறோம். ஆனால் நீங்கள் எழுதியதில் பாதிக்கு மேல் சாப்பாட்டுப் பட்டியல்தான் இருந்தது. சாப்பாட்டைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பாலைவனத்தில் முதல் கணக்கு தண்ணீர், இரண்டாவது கழிவு. இந்த இரண்டும் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் தானாக அமையும்.

என் அனுபவத்தையே சொல்கிறேன். முதல் வருடம் எல்லோருக்கும் நானே சமைப்பது என்று முடிவு செய்தேன். வந்தவர்களை உட்கார வைத்துப் பரிமாறித்தான் நமக்குப் பழக்கம். சாம்பார், பொரியல், வடை என்று 20 பேருக்குச் சமைத்தேன். பெரிய பாத்திரங்களைக் கழுவி முடித்தபோது எங்கள் ஆர்வியின் 40 கேலன் தண்ணீரும் அந்த ஒரே மாலையில் தீர்ந்துபோயிருந்தது. கழுவிய தண்ணீர் போய்ச் சேரும் தொட்டியும் நிரம்பிவிட்டது. மறுநாள் காலை விரித்ததையெல்லாம் சுருட்டி, வண்டியை எடுத்துக்கொண்டு கழிவு கொட்டும் இடத்துக்குப் போய் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றோம். திரும்பி வரும்போது பாதிப் பேர் கிளம்பிவிட்டிருந்தார்கள்.

இப்போது உங்கள் கணக்கைப் போடுவோம். குடிக்க, சமைக்க, சிக்கனமாகக் கழுவ ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2 கேலன், அதாவது ஏழரை லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். 15 பேர், 4 நாள் என்றால் 120 கேலன். லிட்டரில் சுமார் 450, எடையிலும் 450 கிலோ. கட்டிலும் பேட்டரியும் ஏற்றிய உங்கள் வேனில் இதை ஏற்றவே கூடாது, அச்சும் பிரேக்கும் தாங்காது. அதனால்தான் வேனில் வாழ்பவர்கள் எல்லோரும் ஒரே விதியை வைத்திருக்கிறார்கள்: அவரவர் தண்ணீர், அவரவர் கழிப்பறை, அவரவர் படுக்கை. விருந்தோம்பல் இல்லாத விதி மாதிரி முதலில் எனக்கும் தோன்றியது. நான்கு நாளும் எல்லோரும் நிம்மதியாக இருப்பது இந்த விதியால்தான். ஒருங்கிணைப்பவர் எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொண்டால் இரண்டாம் நாளே கூட்டம் கலைந்துவிடும்.

சரி, இடத்துக்கு வருவோம். குவார்ட்சைட் ஃபீனிக்ஸிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலையில் மேற்கே சுமார் 130 மைல், இரண்டு மணி நேரப் பயணம். நிரந்தரமாக வாழ்பவர்கள் சில ஆயிரம் பேர்தான், குளிர்காலத்தில் மட்டும் லட்சக்கணக்கானோர் வந்து போவார்கள். சுற்றியுள்ள நிலம் பெரும்பாலும் மத்திய அரசின் நில மேலாண்மைப் பணியகத்துடையது. இங்கே எல்லோரும் பிஎல்எம் என்றுதான் சொல்வார்கள். அதில் இரண்டு வகைத் தங்கல் உண்டு. டோம் ராக், ஸ்கேடன் வாஷ், புளோமோசா சாலை போன்ற இடங்களில் 14 நாள் வரை இலவசமாகத் தங்கலாம். ஆனால் அங்கே தண்ணீர், கழிப்பறை, குப்பைத்தொட்டி எதையும் எதிர்பார்க்காதீர்கள். இரண்டாவது வகை, ஊருக்குத் தெற்கே உள்ள லா போசா. நீண்ட நாள் தங்குவோருக்கான பகுதி அது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை பருவம். பருவம் முழுக்க 180 டாலர், 14 நாளுக்கு 40 டாலர் என்பது நாங்கள் கட்டிய கட்டணம். கிளம்பும் முன் இப்போதைய கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பணத்துக்குத் தண்ணீர் பிடிக்கலாம், கழிவுத் தொட்டியைக் காலி செய்யலாம், குப்பை போடலாம்.

குழந்தைகளோடு முதல் முறை என்பதால் லா போசாவையே தேர்ந்தெடுங்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்கள் வேனில் கழிப்பறை இல்லை என்று எழுதியிருந்தீர்கள். கழிப்பறையும் கழிவுத் தொட்டியும் இல்லாத வண்டிகள் அங்குள்ள பொதுக் கழிப்பறையிலிருந்து 500 அடிக்குள்தான் நிற்க வேண்டும், சுமார் 150 மீட்டர். அப்படி வண்டி எத்தனை என்று நண்பர்களிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். ஒன்று இருந்தாலும் மொத்தக் கூட்டமும் கழிப்பறை அருகில் அமைவதுதான் வசதி. அவர்களை மட்டும் தனியாக ஒதுக்க வேண்டாம்.

வறண்ட மண்தானே, குழி தோண்டிப் புதைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். ஈரம் இல்லாத மண்ணில் எதுவும் சீக்கிரம் மக்காது. மூடி போட்ட வாளிக் கழிப்பறை, அதற்கான இரட்டைப் பைகள், இரண்டும் கடையில் கிடைக்கும். பாத்திரம் கழுவிய தண்ணீரையும் தரையில் கொட்டக் கூடாது, வாளியில் பிடித்து எடுத்துப் போக வேண்டும்.

கழுவும் முறையை எனக்குச் சொல்லிக்கொடுத்தது பக்கத்து வேனில் தனியாக வாழ்ந்த ஒரு அம்மா. எழுபது வயதைத் தாண்டியவர். தட்டை முதலில் காகிதத்தால் துடைப்பார், தெளிப்பான் பாட்டிலில் சோப்புத் தண்ணீரை இரண்டு முறை அடிப்பார், மறுபடி துடைப்பார், நல்ல தண்ணீரை இரண்டு முறை தெளிப்பார். ஒரு டம்ளர் தண்ணீரில் நான்கு தட்டு முடிந்துவிடும். அங்கே இவரைப் போல நிறையப் பேரைப் பார்ப்பீர்கள். வாடகை கட்ட முடியாமல் வண்டியையே வீடாக்கிக்கொண்டவர்களும் உண்டு, விரும்பியே வந்தவர்களும் உண்டு. பாப் வெல்ஸ் என்பவர் 2010-இல் சில பத்துப் பேரோடு தொடங்கிய குளிர்காலக் கூடுகை, பின்னால் ஆயிரக்கணக்கானோர் கூடும் அளவுக்கு வளர்ந்ததே இந்த ஊரில்தான். குறைந்த பணத்தில் வண்டியில் எப்படி வாழ்வது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பதுதான் அதன் அடிப்படை. அவர்களை இரக்கத்தோடு பார்க்காதீர்கள். இந்த வாழ்க்கையில் அவர்கள் நமக்கு ஆசிரியர்கள். போய்ச் சேர்ந்ததும் பக்கத்து வண்டிக்காரர்களிடம் ஒரு வணக்கம் சொல்லுங்கள், பொங்கல் அன்று ஒரு கிண்ணம் கொடுங்கள். நாங்கள் அப்படித்தான் பழகினோம்.

அடுத்து நாள். மார்ட்டின் லூதர் கிங் விடுமுறை சனவரியின் மூன்றாவது திங்கள், பொங்கல் முடிந்த ஒரு வாரத்துக்குள் எப்படியும் வந்துவிடும். அந்த நீண்ட வார இறுதியைத்தான் நீங்களும் நினைத்திருப்பீர்கள். ஆனால் குவார்ட்சைட்டின் பெரிய ஆர்வி கண்காட்சியும் வழக்கமாக அதே வார இறுதியையொட்டித்தான் தொடங்குகிறது. எரிவாயு, தண்ணீர், கழிவு எல்லாவற்றுக்கும் வரிசை நிற்கும். கைபேசியில் குறுஞ்செய்தி போவதே சிரமம். எல்லோராலும் வியாழன், வெள்ளி விடுப்பு எடுக்க முடிந்தால் புதன் இரவே போய் இடம் பிடித்துவிடுங்கள். முடியாவிட்டால் ஒரு வாரம் முன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாளானாலும் தண்ணீர்த் தொட்டியை ஃபீனிக்ஸிலேயே நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.

அனுமதி பற்றிக் கேட்டீர்கள். நண்பர்கள் 6 வண்டியில் வந்து தங்கக் கட்டணம் கட்டினால் போதும், தனி அனுமதி தேவைப்படாது. ஆனால் பொது அழைப்பு விடுத்து, ஆளுக்கு இவ்வளவு என்று பணம் வசூலித்து விழாவாக நடத்தினால் கதையே வேறு. பல மாதம் முன்பே யூமாவில் உள்ள பிஎல்எம் அலுவலகத்தில் பேச வேண்டும். நண்பர்களின் நண்பர்களும் வரட்டும் என்று எழுதியிருந்தீர்களே, அதை இந்த வருடம் விட்டுவிடுங்கள். 6 வண்டியோடு ஒரு முறை போய்ப் பழகிய பிறகு பார்க்கலாம்.

வண்டி நிறுத்தும்போது ஏற்கெனவே சக்கரம் பட்ட தரையில் மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். கருத்த சிறு கற்கள் நெருக்கமாகப் படிந்த அந்தத் தரை உருவாக மிக நீண்ட காலம் ஆகியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில், 1942 முதல் 1944 வரை, ஜெனரல் பேட்டன் தொடங்கிய பாலைவனப் போர்ப்பயிற்சி இந்தப் பக்கமெல்லாம் நடந்தது. அன்று டாங்கிகள் ஓடிய தடம் சில இடங்களில் இன்னும் அழியவில்லை. 80 வருடத்து மழையும் காற்றும் அதை அழிக்க முடியவில்லை என்றால், நம் வண்டி ஒரு முறை குறுக்கே ஓடுவதும் சின்ன விஷயம் இல்லை. இன்னொன்று, மணல் சமமாக, அழகாக இருக்கிறதே என்று வாஷ் என்று சொல்லும் காட்டாற்றுப் படுகையில் நிறுத்திவிடாதீர்கள். மலையில் பெய்த மழை, உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளமாக வந்து சேரும்.

வண்டிகளை வட்டமாக நிறுத்தி, நடுவில் பொது இடம் விடுங்கள். வண்டிக்கும் வண்டிக்கும் குறைந்தது 15 அடி. இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை ஜெனரேட்டரும் பாட்டும் கூடாது. வண்டியோரம் நிழலுக்கு விரிக்கும் மறைப்புத் துணியை இரவில் கட்டாயம் சுருட்டி வையுங்கள், காற்று சொல்லிக்கொண்டு வராது.

குளிரைக் குறைத்து எடை போடாதீர்கள். பகலில் 20 டிகிரி செல்சியஸ் அளவில் இதமாக இருக்கும், இரவில் 4, 5 டிகிரிக்கு இறங்கும். குழந்தைகளுக்குக் கம்பளித் தொப்பியும் நல்ல தூக்கப் பையும் போதும். எரிவாயு ஹீட்டரை ஏற்றிவைத்து, கண்ணாடியை மூடிக்கொண்டு யாரும் தூங்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. 6 வண்டியிலும் அதைக் கண்டறியும் அலாரம் இருக்கிறதா என்று ஒருங்கிணைப்பவராக நீங்களே கேட்டு உறுதி செய்யுங்கள். இதில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இப்போது பொங்கல். சனவரி நடுவில் அங்கே சூரியன் உதிப்பது ஏழே முக்காலை ஒட்டி. அதனால் குழந்தைகளும் எழுந்து பார்க்கலாம். நாங்கள் புரொப்பேன் அடுப்பில், காற்றுக்குத் தகரத் தடுப்பு வைத்துத்தான் பானை ஏற்றுகிறோம். விறகில் வைக்க ஆசை என்றால், கால் வைத்த இரும்புத் தட்டும் கடையில் வாங்கிய விறகும் கொண்டுபோங்கள். அங்குள்ள அயர்ன்வுட், பாலோ வெர்டே மரங்களை ஒடிக்காதீர்கள். கோலத்தைத் தார்ப்பாயில் போட்டால் போகும்போது மாவோடு மடித்து எடுத்து வந்துவிடலாம். பானை ஒன்று போதும், அது மட்டும் பொதுச் சமையல். மற்ற வேளைக்கு அவரவர் புளிச்சோறு, தயிர்சோறு, இட்லி மிளகாய்ப்பொடி என்று கட்டிக்கொண்டு வரட்டும். அப்புறம் பாருங்கள், ஆளுக்கொரு டப்பாவைத் திறந்து நடுவில் வைத்துவிடுவார்கள்.

கலிஃபோர்னியா நண்பர்களுக்கு இரண்டு விஷயம். அவர்கள் நேரம் அரிசோனாவுக்குக் குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் பின்னால். எல்லை பக்கத்திலேயே இருப்பதால் கைபேசி குழம்பும், சந்திக்கும் நேரத்தை ‘அரிசோனா நேரம்’ என்றே எழுதுங்கள். திரும்பும்போது பிளைத் அருகே விவசாயச் சோதனைச் சாவடி உண்டு. பழங்கள், கரும்பு, கறிவேப்பிலை மிஞ்சியிருந்தால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும்.

விசாவில் இருக்கும் எல்லோரும் பாஸ்போர்ட்டையும், நாட்டுக்குள் வந்ததற்கான பதிவான ஐ-94 தாளையும் கையில் வைத்திருங்கள். சட்டப்படியே வைத்திருக்க வேண்டும். யூமா பக்கமிருந்து 95-ஆம் சாலையில் வடக்கே வருபவர்களை எல்லைக் காவல் சாவடியில் நிறுத்திக் கேட்பார்கள். ஒன்றும் பயப்பட வேண்டாம், காட்டிவிட்டு வந்துவிடலாம். மருத்துவமனை பக்கத்து ஊரான பார்க்கரில் இருக்கிறது. முகாமின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு வண்டியிலும் ஒட்டுங்கள். அவசர உதவிக்கு 911-ஐ அழைத்தால் சொல்ல அங்கே தெருப்பெயர் கிடையாது.

பிள்ளைகளை ஒரு மாலை ஊருக்குள் ஹை ஜாலி கல்லறைக்குக் கூட்டிப்போங்கள். கல்லால் கட்டிய சின்னப் பிரமிடு, உச்சியில் ஒட்டக உருவம். 1850-களில் அமெரிக்க ராணுவம் பாலைவனப் பயணத்துக்கு ஒட்டகங்களை இறக்கியபோது, அவற்றோடு ஆட்டோமான் நாட்டிலிருந்து வந்தவர் ஹாஜி அலி. இங்கிருந்தவர்கள் வாயில் அந்தப் பெயர் ஹை ஜாலி ஆகிவிட்டது. திரும்பிப் போகாமல் 1902-இல் இங்கேயே இறந்தார். என் பெயரையும் அலுவலகத்தில் யாரும் முழுதாகச் சொன்னதில்லை, அங்கே நிற்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு தனியாக வரும்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை உங்கள் வேனில் தனியாகப் போய் ஓர் இரவு தங்கிப் பாருங்கள். எந்தக் கழிப்பறை பக்கம் 6 வண்டி நிற்க இடம் இருக்கிறது, தண்ணீர்க் குழாய் எவ்வளவு தூரம், இரவில் உங்கள் வேனில் எவ்வளவு குளிர்கிறது என்று குறித்துக்கொண்டு வந்து எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு மீதியைப் பேசுவோம். பானை வாங்க வேண்டாம், எங்கள் வெண்கலப் பானை இருக்கிறது.