ஆறு மாதம் அசையாத புள்ளி

அன்புள்ள அக்கா,

நானும் என் பன்னிரண்டு வயது மகனும் இரண்டு வருடமாக ஒரு தம்பதியின் பாய்மரப் படகுப் பயணத்தை வரைபடத்தில் பார்த்து வருகிறோம். பனாமா கால்வாயைத் தாண்டி, மார்க்கேசாஸ், தஹிதி, டோங்கா என்று பசிபிக் தீவுகள் வழியாக மேற்கே போய்க்கொண்டிருந்த அந்தப் புள்ளி, அக்டோபர் கடைசியில் சட்டென்று தெற்கே திரும்பி நியூசிலாந்தில் போய் நின்றுவிட்டது. புயல் காலம் முடியும்வரை படகைக் கரையேற்றி வைக்கிறார்களாம், மே மாதம்தான் மறுபடி புறப்பாடு. "பயந்துட்டாங்களாப்பா?" என்று மகன் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தக் காலத்தில்தான் புயலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்களே, வரும்போது ஒதுங்கிக்கொண்டால் போதாதா? ஆறு மாதம் கரையில் உட்கார்ந்திருப்பது பயணம் பாதியில் நின்றதாக ஆகாதா?

அன்புடன்,
கா.

அன்புள்ள கா.,

உங்கள் மகன் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். ஆமாம், பயந்தார்கள். அவனிடம் அப்படியே சொல்லுங்கள். தென் பசிபிக்கில் நவம்பர் தொடங்கி ஏப்ரல் முடியும்வரை புயல் காலம். அந்த ஆறு மாதமும் டோங்கா, பிஜி பக்கம் சின்னப் படகோடு சுற்றப் பயப்படாத ஒருவர் இருந்தால், அவர் படகில் நான் கால் வைக்கமாட்டேன்.

ஆனால் அந்தப் பயம் அக்டோபரில் திடீரென்று வந்ததில்லை. வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே, நாள்காட்டியை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதே வந்தது. உலகம் சுற்றும் பாய்மரப் படகுக்காரர்கள் எந்த ஊருக்குப் போகலாம் என்று முதலில் பார்ப்பதில்லை. எந்த மாதத்தில் எந்தக் கடலில் இருக்கக்கூடாது என்றுதான் பார்க்கிறார்கள். அட்லாண்டிக்கில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை கரீபியன் தீவுகளுக்கு ஆகாது. நவம்பர் வந்ததும் தென் பசிபிக் ஆகாது. இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளிகளைக் கோத்தால் வருவதுதான் அவர்கள் போகும் வழி. பழைய வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பனாமா கால்வாய்க்கு முன்னாலும் அந்தப் புள்ளி எங்கேயாவது சில மாதம் சும்மா கிடந்திருக்கும். அப்போது உங்களுக்கு அது உறுத்தியிருக்காது, கதை இன்னும் சூடுபிடிக்கவில்லை.

புயலைத்தான் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்களே என்கிறீர்கள். சொல்கிறார்கள். கேட்டுக்கொண்டு ஓட முடியவேண்டுமே? நாற்பது அடிப் பாய்மரப் படகு நல்ல காற்றில் ஒரு நாளைக்கு 120 முதல் 140 கடல் மைல் போகும். ஒரு சைக்கிள்காரர் நிதானமாக மிதிக்கும் வேகம்கூட இல்லை அது. டோங்காவிலிருந்து நியூசிலாந்து ஆயிரம் கடல் மைலுக்குச் சற்று அதிகம். எட்டு, பத்து நாள் ஆகும். கடல்நீரின் சூடு 26.5 டிகிரிக்கு மேல் இருந்து, மற்ற சூழலும் கூடிவந்தால், வெறும் மேகக் கூட்டம் ஒன்று இரண்டு மூன்று நாளில் புயலாகிவிடும். பலத்த காற்று அதன் நடுவிலிருந்து நூறு மைல், சில சமயம் இருநூறு மைலுக்கும் அப்பால் வரை வீசும். இன்னொன்றும் இருக்கிறது. தென் பசிபிக் புயல்கள் பெரும்பாலும் கொஞ்ச தூரம் மேற்கே போய்விட்டுத் தென்கிழக்காகத் திரும்புகிறவை. திரும்பிய பின் வேகம் கூடும். தப்பிக்க நினைத்துத் தெற்கே ஓடும் படகின் பின்னாலேயே, அதைவிட இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் புயல் வரும். அதனால்தான் வரும்போது ஒதுங்குவது என்ற பேச்சே கிடையாது. வருவதற்கு ஒரு மாதம் முன்பே அங்கே இல்லாமல் இருக்கவேண்டும்.

எங்கே போவது என்பதில் இரண்டு வழி உண்டு. புயல்கள் வலுவிழக்கும் அளவுக்குத் தெற்கே, குளிர்ந்த நீருக்குப் போவது ஒன்று. உங்கள் தம்பதி செய்தது அது. மற்றது வடக்கே நிலநடுக்கோட்டை ஒட்டிப் போவது. அங்கே பூமியின் சுழற்சி காற்றை வளைக்கும் விசை மிகக் குறைவு, கோட்டிலிருந்து ஐந்து பாகைக்குள் (அட்சரேகைக் கணக்கில் ஐந்து டிகிரிக்குள்) புயல் உருவாவது அபூர்வம். 2001 டிசம்பரில் சிங்கப்பூர் அருகே ஒன்றரைப் பாகையில் வாமேய் என்ற புயல் உருவானதும் உண்மைதான். இரண்டு வழியிலும் முழு உத்தரவாதம் கிடையாது. 2023 பிப்ரவரியில் கேப்ரியேல் புயல் நியூசிலாந்தையே புரட்டிப்போட்டது.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய சொல் "உட்கார்ந்திருப்பது". படகைக் கரையேற்றுவது உட்காருகிற வேலையில்லை. கரையேற்றிவிட்டால் படகு பிழைத்துவிடும் என்பதும் இல்லை.

கிரனடாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கரீபியனின் தென்கோடியில் 12 பாகையில் இருக்கும் தீவு. புயல்கள் அதற்கு வடக்கேதான் போகும் என்று நம்பி நிறையப் பேர் அங்கே படகுகளைக் கரையேற்றி வைத்திருந்தார்கள். 2004 செப்டம்பர் 7 அன்று ஐவன் புயல் அந்தத் தீவின் தெற்கே மிக அருகில் கடந்துபோனது. தரையில் முட்டுக்கொடுத்து வரிசையாக நிறுத்தியிருந்த படகுகளில் ஒன்று சாய, அது பக்கத்துப் படகின் மேல் விழ, அது அடுத்ததன் மேல் விழ, வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது படகைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். வேகம் நான்கு மடங்கானால் விசை பதினாறு மடங்கு. தரையில் நிற்கும் படகுக்கு அலையடி இல்லை, ஆனால் காற்றுக்கு வளைந்து கொடுக்கவும் வழியில்லை.

அதற்குப் பிறகு படகு யார்டுகளில் நிறைய மாறியது. தரையில் கான்கிரீட்டில் பதித்த வளையங்களோடு படகைப் பட்டைகளால் இழுத்துக் கட்டுகிறார்கள். முட்டுக்கால்களைச் சங்கிலியால் ஒன்றோடொன்று பிணைக்கிறார்கள். பிஜியில் வேறொரு முறையைப் பார்த்தேன். தரையில் நீளமாகக் குழி வெட்டி, படகின் அடியில் நீண்டு நிற்கும் ஏராவை அதற்குள் இறக்கிவிடுகிறார்கள். வயிறு தரையை ஒட்டிவிடும், சுற்றிலும் பழைய டயர்களை அடுக்கிவிடுவார்கள். பத்தடி உயரத்தில் முட்டுக்காலில் நின்ற படகு இப்போது மண்ணில் உட்கார்ந்திருக்கும், சாய இடமில்லை. முதல் முறை பார்த்தபோது எனக்கு மனம் என்னவோ செய்தது. இரண்டு நாள் முன்புவரை கடலில் எங்களைச் சுமந்த உடம்பு குழிக்குள் கிடந்தது.

பதினோரு வருடம் முன்பு முப்பத்தாறு அடிப் படகொன்றில் மூவரில் ஒருத்தியாக நான் அங்கே போயிருந்தேன். கரையேற்றிய அன்று அடிப்புறம் முழுக்கக் கொட்டலசு, ஓட்டோடு ஒட்டி வளரும் சின்னக் கடலுயிர்கள். உயர் அழுத்தத் தண்ணீர் அடித்துச் சுரண்டி முடிக்கும்வரை நின்றால் அந்த நாற்றம் முடியில் ஏறிவிடும். பிறகு பாய்களை இறக்கி, உப்புப் போக நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, மடித்து உள்ளே வைத்தோம். முன்பாய் சுருட்டித்தானே இருக்கிறது, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவைப்பவர்கள் உண்டு. புயலில் அது ஒரு முனையில் பிரிந்தால் போதும், பாய்மரத்தையே ஆட்டிச் சாய்த்துவிடும். பாயேற்றும் கயிறுகளை உருவியெடுத்து, அவற்றுக்குப் பதிலாக மெல்லிய நூல்கயிறுகளை விட்டோம். வெயில் நல்ல கயிற்றைத் தின்னக்கூடாது, திரும்பி வந்ததும் அந்த நூலில் கட்டி இழுத்தால் பழைய கயிறு தன் இடத்துக்கு ஏறிவிடும். உணவுப் பொருள் ஒன்றுவிடாமல் வெளியேற்றினோம். மெத்தைகளைச் சுவரில் படாமல் நிமிர்த்தி வைத்தோம், பூஞ்சைக்குப் பயந்து. ஆறு நாள் வேலை. ஆறு நாளும் ஏணியில் ஏறித்தான் படுக்கைக்குப் போனோம், முதல் இரண்டு இரவும் தரை ஆடுவது போலவே இருந்தது.

ஐந்து மாதம் கழித்துத் திரும்பினோம். அந்த வருடம் அந்தத் துறைப் பக்கம் புயலே வரவில்லை. ஆனாலும் படகுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். சுக்கான் பிடிப்பவர் உட்காரும் பள்ளத்தில் மழைநீர் வடிய இரண்டு துளைகள் உண்டு. அவற்றை இலைச்சருகு அடைத்துக்கொண்டது. மழை நிறைந்து, வழிந்து, உள்ளே இறங்கி இயந்திரத்தைப் பாதி மூழ்கடித்திருந்தது. மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்வதாகச் சொன்னவர் பார்க்கவில்லை. கடலில் பன்னிரண்டாயிரம் மைல் வந்த படகு, தரையில் நின்றபடி ஒரு கைப்பிடிச் சருகால் மூழ்கியிருந்தது. சரிசெய்ய ஏழு வாரம் ஆனது. எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. யாராவது படகை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறேன் என்றால் நான் முதலில் கேட்பது, வடிதுளையை யார் பார்ப்பார்கள் என்றுதான்.

பயணம் நின்றதாக ஆகாதா என்று கேட்டீர்கள். தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர் ஜோஷுவா ஸ்லோக்கம். 1895 ஏப்ரலில் புறப்பட்டு 1898 ஜூனில் திரும்பினார். மூன்று வருடத்துக்கு மேல். அதில் நிறைய நாள் கரையில்தான் போனது. 1897-இல் டாஸ்மேனியாவில் தங்கிப் படகைக் கரையேற்றி அடிப்புறம் பார்த்துவிட்டுத்தான் மேலே போனார். அவர் பயணம் பாதியில் நின்றதாக யாரும் சொன்னதில்லை. எங்கும் நிற்காமல் சுற்றியவர்களும் உண்டு. இந்தியக் கடற்படையின் அபிலாஷ் டோமி 2012 நவம்பர் தொடக்கத்தில் மும்பையிலிருந்து கிளம்பி, எங்கும் கரை தொடாமல் தனியே சுற்றி, ஐந்து மாதத்தில் அங்கேயே வந்து சேர்ந்தார். அந்தப் புறப்பாட்டு மாதத்தைக் கவனியுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்த பிறகு கிளம்பி, தென்னமெரிக்காவின் ஹார்ன் முனையைத் தெற்கத்திக் கோடையான ஜனவரியில் தாண்டினார். வழியில் காத்திராதவர், புறப்படும் முன்னாலேயே காத்திருந்து முடித்துவிட்டார்.

ஆறு மாதம் என்ன செய்வார்கள் என்பதற்கு எனக்குப் பிடித்த ஒரு பழைய பதில் உண்டு. சீனத் துறவி இத்சிங் 671-இல் கான்டனிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறினார். இருபது நாளுக்குள் சுமத்திராவின் ஸ்ரீவிஜயத்தை அடைந்தவர் அங்கே ஆறு மாதம் தங்கி, சமஸ்கிருத இலக்கணம் படித்தார். காற்றை நம்பிக் கடல் கடந்த காலத்தில் துறைமுகங்களே இப்படித்தான் வளர்ந்தன. காற்று மாறும்வரை தங்கியவர்கள் மொழி கற்றார்கள், கோயில் கட்டினார்கள், கல்யாணம்கூடச் செய்துகொண்டார்கள். உங்கள் தம்பதி ஒருவேளை பாயைத் தைத்துக்கொண்டிருப்பார்கள், கைக்காசு தீர்ந்து எங்காவது வேலைக்கும் போய்க்கொண்டிருக்கலாம். நீண்ட பயணம் போகிறவர்கள் பலர் அடுத்த கடலுக்கான பணத்தை இந்த மாதங்களில்தான் சம்பாதிக்கிறார்கள்.

மகனிடம் ஏப்ரல் கடைசியிலிருந்து மறுபடி வரைபடத்தைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். மே பிறந்ததும் புள்ளி உடனே நகராது. நியூசிலாந்தின் வடக்குத் துறைகளில் முப்பது நாற்பது படகுகள் தயாராக நின்றுகொண்டு, தெற்கிலிருந்து ஒரு குளிர்க்காற்று முகப்பு கடந்து போகக் காத்திருக்கும். அது போன மறுநாள் காற்று தென்மேற்கிலிருந்து முதுகில் வீசத் தொடங்கும். அன்று காலையில் வரிசையாக எல்லாப் புள்ளிகளும் வடக்கே கிளம்புவதை அவனே பார்ப்பான்.

அன்புடன்,
அக்கா