வினாத்தாளைத் திறந்து பார்த்தீர்களா?

கேள்வி: அக்கா, எனக்கு 33 வயது. இரண்டு பிள்ளைகள். வீட்டிலேயே மெஷின் வைத்துப் பாடசாலைச் சீருடையும் சாறிச் சட்டையும் தைத்துக் கொடுக்கிறேன். உயர்தரம் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா தவறிப்போனார். சோதனைக்கு இருக்கவேயில்லை. இப்போது எடுத்து, ஒரு பட்டமும் படிக்க ஆசை. தமிழ்தான் எனக்குப் பிடித்த பாடம். ஆனால் மூளை துருப்பிடித்துவிட்டது, என்னால் முடியாது என்றே மனம் சொல்கிறது. அக்காவின் மகளும் இந்த முறை எடுக்கிறாள். அவளோடு சேர்ந்து நானும் சோதனைக்குப் போனால் சனம் என்ன சொல்லும்? விபுலாநந்தர் மாதிரி பிறவி மேதைகளுக்கு எதுவும் முடியும். என்னைப் போன்றவளுக்குத் தன்னம்பிக்கை வர என்ன வழி?
— பெயர் வேண்டாம், துறைநீலாவணை

பதில்: தங்கச்சி, முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். எதைச் செய்து பார்த்து முடியாமல் போனது என்று கடிதத்தில் எங்கேயும் இல்லை. ஒரு கடந்தகால வினாத்தாளை எடுத்து எழுதிப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பீர்கள். ஒரு கேள்விகூட எழுதிப் பார்க்காமல் மூளை துருப்பிடித்துவிட்டது என்று எப்படி முடிவு கட்டினீர்கள்?

படிப்பைப் பற்றிய பயத்தைவிட அக்காவின் மகளைப் பற்றிய வெட்கம்தான் உங்களுக்குப் பெரிது என்று நினைக்கிறேன். வெட்கப்படுவதில் குற்றமில்லை, எங்கள் ஊர்களில் வாய்க்குப் பஞ்சமா என்ன? ஆனால் அந்த வெட்கத்துக்கு ‘என்னால் முடியாது’ என்று பெயர் வைக்காதீர்கள். வருடாவருடம் பல்லாயிரம் பேர் தனிப்பட்ட பரீட்சார்த்திகளாக இந்தச் சோதனையை எடுக்கிறார்கள். நீங்கள் போனால் அவர்களில் ஒருவர், அவ்வளவுதான். அந்தப் பிள்ளையிடம் நோட்ஸ் கேட்டுப் பாருங்கள். சந்தோசமாகத் தருவாள் என்றுதான் எனக்குப் படுகிறது.

முதன்முதல் ஒருவருடைய சாறித்துணியில் கத்தரிக்கோலை வைத்த நாளை யோசித்துப் பாருங்கள். வெட்டினால் வெட்டினதுதான், திரும்ப ஒட்ட முடியாது. அன்றைக்கு நம்பிக்கை வரட்டும் என்று காத்திருந்தீர்களா? கை நடுங்க நடுங்க வெட்டியிருப்பீர்கள். கழுத்துச் சரியாக வராமல் பிரித்துத் தைத்திருப்பீர்கள். இன்றைக்கு அளவுச்சட்டையைப் பார்த்தாலே எங்கே பிடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று கை சொல்கிறது. தைக்கத் தைக்க வந்தது அது. தைரியம் வரட்டும், மறுகா பார்ப்பம் என்று இருந்து இருந்தே எத்தனையோ பெண்களின் படிப்பு போய்விட்டது. அதை நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

பிறவி மேதை என்கிறீர்களே, உங்களுக்குப் பக்கத்துக் காரைதீவில் 1892ல் பிறந்தவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். விபுலாநந்தர் விஞ்ஞானம் படித்தவர், விஞ்ஞானம் படிப்பித்தவர். அதற்கிடையில் தனியாகத் தமிழ் படித்து 1916ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் தேறினார். லண்டன் பி.எஸ்ஸி. 1920ல்தான். யாழ் என்ற கருவியே வழக்கொழிந்துபோயிருந்த காலத்தில், சிலப்பதிகார வரிகளையும் கணக்கையும் வைத்துக்கொண்டு அதை ஆராய்ந்து ஏறத்தாழ 14 வருடம் உழைத்தார். அந்த ஆராய்ச்சியை எழுதிய அவருடைய யாழ் நூல் 1947 ஜூனில் அரங்கேறியது, அடுத்த மாதம் அவர் காலமானார். பிறவி மேதை என்ற ஒரே சொல்லில் அந்த 14 வருட உழைப்பைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை.

சரி, வேலைக்கு வருவோம். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக உயர்தரம் எடுக்க 33 வயது தடையே இல்லை. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவை எடுக்கலாம். நீங்கள் சோதனைக்கே இருக்காதபடியால் மூன்றும் அப்படியே கிடக்கிறது. பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு நாளாந்தம் போய்வர முடியாதென்றால் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது, மட்டக்களப்பிலேயே அதற்கு நிலையம் உண்டு. உயர்தரம் இல்லாதவர்களும் அங்கே அடிப்படைக் கற்கைநெறி ஒன்றை முடித்துவிட்டு மேலே போகலாம். இரண்டு வழியையும் விசாரியுங்கள்.

ஆனால் அதற்கெல்லாம் முதல், இந்தக் கிழமையே ஒரு தமிழ் வினாத்தாள் வாங்குங்கள். கல்முனைப் புத்தகக் கடைகளில் கேளுங்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு நேரம் வைத்து, புத்தகம் பார்க்காமல் எழுதுங்கள். பாதிக்குத்தான் பதில் தெரிந்தால் மற்றப் பாதியைத்தான் படிக்க வேண்டியிருக்கிறது என்று அப்போதுதான் தெரியவரும். எழுதியதை இந்த விலாசத்துக்கே அனுப்பிவிடுங்கள். உயர்தரத் தமிழ் படிப்பிக்கிற ஒருவரைக் கொண்டு திருத்தித் திருப்பி அனுப்புகிறேன். உங்கள் பெயர் இதழில் வராது.