ஸ்காபரோவில வீடு பாக்கிற தம்பிக்கு

தம்பி, களுவாஞ்சிகுடியிலிருந்து மனிசி பிள்ளையோட வாறன், கனடாவில ரொறன்ரோவுக்குள்ள இருக்கிற ஸ்காபரோவில ரெண்டு பேஸ்மென்ட் வீடு பாத்து வச்சிருக்கன், ஒண்டு ஃபின்ச் றோட்டுக்குக் கிட்ட, மத்தது உள்ளுக்க, வாடகை குறைவு, மேப்பில பஸ் தரிப்பு பின்வேலிக்கு நேர தெரியுது எண்டு கேட்டிருந்தீங்க. ஜாக்கெட், போன், பேங்க் எல்லாம் வந்த கிழமையே சரிவரும், விடுங்க. வீட்டை மட்டும் கவனமா எடுங்க.

பின்வேலிக்கு நேர தெரியிற தரிப்புக்கு வேலி பாய்ஞ்சா போறது? இஞ்ச அந்தக்காலத்தில காணி அளந்த வெள்ளைக்காரன் 100 சங்கிலிக்கு, அதாவது சுமார் 2 கிலோமீற்றருக்கு ஒரு நேர் றோட்டுப் போட்டான். ஷெப்பர்ட், ஃபின்ச், ஸ்டீல்ஸ் எல்லாம் அப்பிடித்தான். மறுகா 1950களில டொன் மில்ஸ் எண்ட குடியிருப்பைக் கட்டினதிலிருந்து உள்ளுக்க வளைஞ்ச றோட்டும் முட்டுச்சந்துமா நிரப்பிட்டாங்க. குறுக்கால வாகனம் ஓடக்கூடாதெண்டு வேணுமெண்டே செஞ்சது. அதால பால் வாங்கப் போறவனும் பெரிய றோட்டுக்குத்தான் வரோணும். பின்னேரம் மார்க்கம் றோட்டு இறுகி நிக்கும், உள் றோட்டில பொடியன்மார் ஹொக்கி விளையாடுவானுகள்.

நான் வந்து இறங்கினது அப்பிடியொரு முட்டுச்சந்துக்குள்ளதான். சொந்தக்காரர் பிடிச்சுத் தந்த இடம், ஒண்டும் சொல்லேலாது. குசினி யன்னலால பஸ் போறது தெரியும். அதைப் பிடிக்க அந்த வளைவு முழுக்கச் சுத்தோணும், ஜனவரியில, இரவு வேலைக்கு. வேலியில ஆரோ கழட்டின பலகையால கொஞ்ச நாள் பூந்து போனம். வீட்டுக்காரன் அதையும் அடைச்சுட்டான்.

ஊரில இதுக்குப் பழக்கப்பட்ட ஆக்கள்தானே நாங்க? குருமண்வெளித் துறையில நிண்டா அக்கரையில மண்டூர் தெரியும். பாதை, அதாவது சனத்தையும் வண்டியையும் ஏத்திப் போற மிதவை, ஓடாட்டி பட்டிருப்புப் பாலத்தால சுத்திப் போகோணும். ஆனா அங்க நடுவில வாவி கிடக்கு. இஞ்ச ஒரு பலகை வேலி! மண்டூர்க் கந்தன் திருவிழாவுக்குப் பாதையில சனம் நெருக்குப்பட்டு நிக்க, அப்பாட சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு நான் ஓரத்தில நிப்பன். விழுந்திருவன் எண்டு அம்மா கத்துவா.

எங்கட ஆக்கள் சிலர் மார்க்கம் பக்கம் பெரிய வீடு வாங்கி, "எங்கட றோட்டில ஒரு வாகனமும் வராது" எண்டு பெருமையடிப்பாங்க. வராதுதான். மாமி கோயிலுக்குப் போகவும் மகன் கார் எடுக்கோணும். ஒரு வீட்டு வாசலில நாலு கார். ஸ்டீல்ஸ்தான் ரொறன்ரோ எல்லை, அதுக்கு அங்கால மார்க்கத்தில வேற பஸ், ரெண்டு டிக்கெட் எண்டும் வெருட்டுவாங்க, நம்பாதீங்க. 2024 பெப்ரவரியிலிருந்து பஸ் காசு கட்டுற ப்ரெஸ்டோ அட்டையால ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள மாறினா ஒரு கட்டணம்தான். வீட்டு விளம்பரத்தில ஸ்காபரோவில முந்தி ஓடின ஆர்டி ரெயிலுக்குக் கிட்ட எண்டு கிடந்தா அது பழசு. 2023 ஜூலையில பெட்டி தடம் புரண்டதோட அதை மூடிட்டாங்க.

மேப்பில நடந்து போற வழியைப் போட்டுப் பாருங்க, நேர்கோட்டைப் பாக்காதீங்க. வீடுகளுக்கு இடையால ஒரு நடைபாதை இருந்தா வாடகை குறைஞ்ச வீட்டையும் யோசிக்கலாம். ஆனா குளிர்காலத்தில அதில பனி தள்ளுறாங்களா எண்டு பக்கத்து வீட்டாரிட்டக் கேளுங்க. இல்லாட்டி ஃபின்ச் பக்கம் எடுங்க. அதில விடிய விடிய பஸ் ஓடும், உங்களுக்கும் முதல் வேலை இரவு வேலையாத்தான் கிடைக்கும்.

சைக்கிள் கொண்டு வரட்டா எண்டு வேற கேட்டிருக்கீங்க. வேணாம் மகன். இஞ்ச பழசு மலிவா வாங்கலாம்.