பூல் உள்ள ஹோட்டலை எப்படித் தேர்ந்தெடுப்பது? குடும்பத்தோடு 2, 3 நாள் ஊர் சுற்றுவோருக்கான கேள்வி பதில்

பிரிட்டன் மற்றும் பக்கத்து ஐரோப்பிய நகரங்கள், 2 அல்லது 3 இரவு, 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். இந்த எல்லைக்குள் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். ஹோட்டல் பெயர் மட்டும் கேட்காதீர்கள். போன வருடம் நன்றாக இருந்த பூல் இந்த வருடம் பழுதுபார்ப்புக்காக மூடிக் கிடக்கலாம், குழந்தைகளுக்கென்று ஒதுக்கிய நேரம் மாறியிருக்கலாம். எப்படிப் பார்த்து எடுப்பது என்று சொல்கிறேன்.

ஹாரோவிலிருந்து: அக்கா, அக்டோபர் ஹாஃப் டேர்ம் ஸ்கூல் லீவுக்கு எடின்பரோ போறோம். பையனுக்கு 9, பொண்ணுக்கு 4. புக்கிங் தளத்துல மூணு ஹோட்டலுக்கு ‘இண்டோர் பூல்’னு டிக் போட்டிருக்கு. விலையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். எதை எடுக்கறது?

அந்த டிக், கட்டடத்தில் பூல் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது. உங்கள் பிள்ளைகள் எத்தனை மணிக்கு இறங்கலாம் என்பது அதில் இல்லை. பிரிட்டனின் நகர ஹோட்டல்களில் பல பூல்கள், உள்ளூர்க்காரர்கள் மாதச் சந்தா கட்டி வரும் ஹெல்த் கிளப்பைச் சேர்ந்தவை. அவர்கள் வேலைக்கு முன்னும் பின்னும் நீந்த வருவார்கள். அதனால் குழந்தைகளுக்குக் காலையில் கொஞ்சம், பிற்பகலில் கொஞ்சம் என்று ஒதுக்குவார்கள். 9 முதல் 11 வரை, பிறகு 3 முதல் 6 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். கிங்ஸ் கிராஸிலிருந்து எடின்பரோ வேவர்லிக்கு ரயிலில் சுமார் நாலரை மணி நேரம். மதியம் 2 மணி ரயில் என்றால் போய்ச் சேரும்போது ஆறரை, அன்றைக்கு பூல் கிடையாது. மறுநாள் காலை கோட்டை பார்க்கப் போனால் காலை நேரம் போச்சு. 3 மணிக்குள் திரும்பினால் ஒரு முறை இறங்கலாம். கடைசி நாள் 11 மணிக்கு செக்-அவுட், காலைச் சாப்பாடு, பெட்டி கட்டுவது. ஆக, 2 இரவுக்குப் பணம் கட்டி ஒரே ஒரு முறை. அதே பயணத்தில் காலை 9 மணி ரயிலைப் பிடித்தால் ஒன்றரைக்கு வந்துவிடலாம். செக்-இன் 3 மணிதான் என்றாலும், பைகளை ரிசப்ஷனில் வைத்துவிட்டு பூலுக்குப் போகப் பல ஹோட்டல்கள் விடும். அறையைக் காலி செய்த பிறகும் அப்படியே. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். நீச்சல் உடை, துண்டு, ஒரு ஜோடி மாற்றுடை மூன்றையும் தனிப் பையில் மேலாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று ஹோட்டலுக்கும் ஒரே மின்னஞ்சலை நேரடியாக அனுப்புங்கள், புக்கிங் தளம் வழியாக வேண்டாம். நீங்கள் தங்கும் தேதிகளைப் போட்டு, அந்த நாட்களில் குழந்தைகள் நேரம் என்ன, ஆழம் குறைந்த பக்கம் எத்தனை மீட்டர், தண்ணீரின் வெப்பம் எத்தனை டிகிரி, ஸ்லாட் முன்பதிவோ தனிக் கட்டணமோ உண்டா, அந்த வாரத்தில் பராமரிப்புக்காக மூடுகிறார்களா என்று கேளுங்கள். ஐந்துக்கும் எண்ணும் மணியுமாகப் பதில் தரும் ஹோட்டலை எடுங்கள். ‘எங்கள் பூலில் குடும்பங்கள் மகிழ்ச்சியாகப் பொழுதைக் கழிக்கலாம்’ என்று மட்டும் பதில் வந்தால் விட்டுவிடுங்கள். பதில் வரும்வரை பணம் திரும்ப வராத கட்டணத்தில் பதிவு செய்யவே கூடாது.

விலையை ஒப்பிடும்போது இன்னொன்று. எடின்பரோவில் 2026 ஜூலை 24 முதல் தங்குபவர்களுக்கு, அறைக் கட்டணத்தில் 5 சதவீதம் பயணியர் வரி, முதல் 5 இரவுகளுக்கு. சில தளங்கள் அதைக் கடைசிப் பக்கத்தில்தான் காட்டும்.

லெஸ்டரிலிருந்து: பொண்ணுக்கு 6 வயசு, இன்னும் நீச்சல் தெரியாது. ஆழம் 1.2 மீட்டர்னு போட்டிருக்கு. நிக்க முடியும்தானே?

முடியாது. 6 வயதுக் குழந்தையின் உயரமே சுமார் 115 செ.மீ.தான், 1.2 மீட்டரில் தலை முழுகிவிடும். ஹோட்டல் பூல்களில் பல, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே 1.2 ஆழம். படி மட்டும்தான் ஆழமில்லாத இடம். அப்படிப்பட்ட பூலில் நீங்கள் ஒரு நொடிகூட கையெட்டும் தூரத்தை விட்டுப் போகக் கூடாது. தனி குழந்தைக் குளம் அல்லது 0.9 மீட்டருக்குக் குறைந்த பகுதி இருக்கிறதா என்று பாருங்கள்.

கூடவே கவனிக்க வேண்டியது: பெரும்பாலான ஹோட்டல் பூல்களில் உயிர்காப்பாளர் கிடையாது. சுவரில் பலகை மாட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். எத்தனை பிள்ளைக்கு எத்தனை பெரியவர் என்ற விதியும் உண்டு. 8 வயதுக்குட்பட்ட இருவருக்கு ஒரு பெரியவர் என்று பல இடங்களில் வைத்திருக்கிறார்கள், இன்னும் சின்னக் குழந்தை என்றால் ஒருவருக்கு ஒருவர். அம்மா மட்டும் மூன்று பிள்ளைகளோடு போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அதையும் மின்னஞ்சலில் கேளுங்கள்.

ஸ்லவ்விலிருந்து: 8 மாசக் குழந்தை. கூட்டிட்டுப் போகலாமா? தடுப்பூசி எல்லாம் முடியணுமா?

தடுப்பூசி முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ் சொல்வதும் அதுதான். பிரச்சினை குளிர். கைக்குழந்தைக்கு 32 டிகிரி அளவில் தண்ணீர் இருப்பது நல்லது. ஹோட்டல் பூல்கள் பெரும்பாலும் 28 முதல் 30 வரைதான், பெரியவர்கள் நீந்த அது போதும். முதல் முறை 10 நிமிடம், பழகிய பிறகு 20. ஒரு வயதுக்குள் அரை மணியைத் தாண்ட வேண்டாம். உடம்பு நடுங்கினால் உடனே வெளியே எடுத்துத் துண்டில் சுற்றுங்கள். உடைமாற்றும் அறை குளத்தை ஒட்டி இருக்கிறதா, அல்லது ஈரத்தோடு லிஃப்டில் நாலு மாடி ஏற வேண்டுமா என்பது உங்களுக்கு முக்கியம்.

லா கூர்னெவ்விலிருந்து: அக்கா, நாங்கள் லில் நகரத்துக்கு ரெண்டு நாள் போகப் போறம். நான் லெக்கிங்ஸும் டீ-சேர்ட்டும் போட்டுத்தான் பிள்ளையளோட தண்ணிக்குள்ள இறங்குறனான். விடுவினமோ? அவரிட்ட முழங்கால் அளவு ஷோர்ட்ஸ்தான் இருக்கு.

பிரான்ஸின் பொது நீச்சல்குளங்களில் இரண்டுமே செல்லாது. ஆண்களுக்கு உடம்போடு ஒட்டிய நீச்சல் ஜட்டிதான், தொளதொள ஷார்ட்ஸுக்கு அனுமதி இல்லை. பெரும்பாலான இடங்களில் தலைக்குத் தொப்பியும் கட்டாயம். தெருவில் போட்ட துணியோடு இறங்கினால் அழுக்கு தண்ணீருக்குள் வரும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். உடல் முழுவதும் மூடும் நீச்சல் உடையை கிரெனோபிள் நகரம் 2022இல் அனுமதிக்கப் பார்த்தது. நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது, நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

ஹோட்டல் தனியார் இடம், விதி அவர்களுடையது. பருத்தித் துணியை ஏறக்குறைய எங்கும் விட மாட்டார்கள். நூலும் பிசிறும் ஃபில்டரில் போய்ச் சேரும், நனைந்த பருத்தி கனத்துப்போய் நீந்தவும் விடாது. நீச்சலுக்கென்றே செய்த லைக்ரா துணியில் முழுக்கை மேலுடையும் முழங்கால் வரை கீழுடையும் கிடைக்கும். அதன் படத்தை ஹோட்டலுக்கு அனுப்பி, ‘இதைப் போட்டு இறங்கலாமா’ என்று எழுதிக் கேளுங்கள். அவருக்கும் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே ஒரு ஜட்டியும் தொப்பியும் வாங்கிவிடுங்கள்.

க்ராய்டனிலிருந்து: குளோரின் வாடை நல்லா வந்தா சுத்தமான பூல்னு அர்த்தம்தானே அக்கா? மருந்து ஒழுங்காப் போடுறாங்கன்னு நம்பலாமில்ல?

நேர் எதிர். இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

சரியாகப் பராமரிக்கும் பூலில் வாடை லேசாகத்தான் இருக்கும். மூக்கைத் துளைக்கும் அந்த வாடை குளோரினுடையது அல்ல. வியர்வை, சிறுநீர், தோல் எண்ணெய் ஆகியவற்றோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமைன்களுடையது. கண் எரிச்சல், இருமல், ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு மூச்சிழுப்பு எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். உள்நீச்சல்குளத்தில் இது இன்னும் மோசம். தாழ்ந்த கூரை, சின்ன அறை, காற்றோட்டம் குறைவு என்றால் அந்த வாயு தண்ணீருக்கு மேலேயே தங்கிவிடும், நீந்துபவரின் மூக்கு இருக்கும் அதே உயரத்தில்.

கிருமியைக் கொல்லும் ‘சுதந்திர குளோரின்’ லிட்டருக்கு 1 முதல் 3 மி.கி. அளவிலும், தண்ணீரின் அமில, கார அளவான பிஎச் 7.2 முதல் 7.6 வரையிலும் இருந்தால் நல்லது. பிஎச் 8-ஐத் தொட்டால் அதே அளவு குளோரின் பாதி வேலைகூடச் செய்யாது. நாளைக்குப் பலமுறை சோதித்து எழுதி வைத்திருப்பார்கள். அன்றைய அளவு என்ன என்று ரிசப்ஷனில் தயங்காமல் கேளுங்கள். உங்கள் கண்ணாலும் பாருங்கள். மேலே நின்று பார்த்தால் ஆழமான பக்கத்தின் அடியில் உள்ள வடிகால் கம்பிகள் தெளிவாகத் தெரிய வேண்டும். மங்கலாகத் தெரிந்தால் இறங்காதீர்கள். தண்ணீர் மட்டம் தொடும் டைல்ஸில் விரலை ஓட்டிப் பாருங்கள், பிசுபிசுப்பு இருந்தால் தேய்த்துக் கழுவிப் பல நாளாகிறது.

நம் பக்கத்துக் கடமையும் உண்டு. தலையில் தேங்காய் எண்ணெயோடு இறங்காதீர்கள். அந்த எண்ணெய் குளோரினைத் தின்றுவிடும், டைல்ஸில் வளையமாகப் படியும். முதல் நாள் இரவே தலைக்குக் குளித்துவிட்டு, இறங்கும் முன் சோப்பு போட்டு ஒரு நிமிடம் ஷவரில் நில்லுங்கள்.

வெம்ப்ளியிலிருந்து: எடின்பரோல நல்ல பூல் ஹோட்டல் பேர் ஒண்ணு சொல்லுங்களேன்.

பெயர் சொல்வதில்லை. எப்படித் தேர்ந்தெடுப்பது என்று முதல் பதிலில் பாருங்கள்.

மில்டன் கீன்ஸிலிருந்து: தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. இவ்வளவு விசாரிச்சு எதுக்குப் பூல் ஹோட்டல்? பிரீமியர் இன் மாதிரி மலிவு ஹோட்டல்ல தங்கினா பெரியவங்க காலைச் சாப்பாடு வாங்கினா பிள்ளைங்களுக்கு இலவசம். பூலுக்கு ஊர்ல இருக்கிற பொது நீச்சல்குளத்துக்குப் போயிட்டு வரலாம். ரெண்டு இரவுக்கு 120 பவுண்ட் மிச்சம்.

நியாயமான கேள்வி. 120 பவுண்ட் கூடக் கொடுத்து ஒரே ஒரு முறை இறங்கினால் அந்த ஒரு மணி நேரத்தின் விலை 120. நான்கு முறை என்றால் 30. அதனால்தான் குழந்தைகள் நேரத்தைக் கேளுங்கள் என்கிறேன். எடின்பரோவில் ராயல் காமன்வெல்த் பூல் இருக்கிறது. 1970 விளையாட்டுப் போட்டிக்குக் கட்டியது, 50 மீட்டர் குளத்தோடு பயிற்சிக் குளமும் உண்டு, உயிர்காப்பாளரும் உண்டு. நீச்சல் தெரிந்த 9 வயதுப் பையனுக்கு எந்த ஹோட்டல் பூலையும் விட அது மேல்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து: அண்ணா சொல்றது பெரிய பிள்ளைங்களுக்குச் சரி. 4 வயசுக் குழந்தையை ஈரத் தலையோட அக்டோபர் குளிர்ல பஸ் ஸ்டாப்ல நிறுத்திப் பாருங்க.

மில்டன் கீன்ஸ்: தலையைத் துவட்டிட்டு வந்தா என்ன? ஹேர் டிரையர் அங்கேயே இருக்கும்.

ஈஸ்ட் ஹாம்: சனி, ஞாயிறு காலையில பாதிக் குளம் நீச்சல் வகுப்புக்குப் போயிடும். மீதிப் பாதியில லேன் கட்டி வேகமா நீந்துவாங்க. சின்னப் பிள்ளைங்க எங்க விளையாடுறது?

இருவர் சொல்வதும் உண்மை. பொது நீச்சல்குளத்துக்கும் கால அட்டவணை உண்டு. குடும்ப நேரம் எது, பயிற்சிக் குளம் பொதுமக்களுக்கு எப்போது என்று இணையதளத்தில் பார்த்துவிட்டே முடிவெடுங்கள். கடைசிப் பிள்ளைக்கு 5 வயதுக்குக் கீழ் என்றால் ஹோட்டல் பூல், எல்லோருக்கும் 8-க்கு மேல் என்றால் பொது நீச்சல்குளம் என்பது என் எண்ணம். நடுவில் இருப்பவர்கள் பணத்தைப் பார்த்து முடிவு செய்யலாம்.

மில்டன் கீன்ஸ்: அப்ப என் பிள்ளைங்களுக்கு நான் சொன்னதுதான் சரி.

உங்கள் பிள்ளைகளுக்குச் சரி. மேலே போவோம்.

டூசல்டார்ஃபிலிருந்து: பெர்லின் போறம். ஹோட்டலில பூலும் சௌனாவும் ஒரே தளத்தில எண்டு போட்டிருக்கு.

நீங்கள் ஜெர்மனியிலேயே இருப்பதால் தெரிந்திருக்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் சௌனா என்னும் வெப்ப அறைப் பகுதியில் ஆண், பெண் இருபாலாரும் உடையில்லாமல் இருப்பது வழக்கம். பூலுக்குப் போகும் வழி சௌனாவைக் கடந்து போகிறதா, நடுவில் கதவு இருக்கிறதா என்று கேளுங்கள். வழி ஒன்றே என்றால் மாலை நேரத்தில் பிள்ளைகளை விடாமலும் இருப்பார்கள். அறை விலைக்கு மேல் பெர்லினில் தங்கல் வரி 7.5 சதவீதம்.

ரெடிங்கிலிருந்து: ஜக்குஸியில 3 வயசுப் பையனை உட்கார வைக்கலாமா?

வேண்டாம். அந்தத் தண்ணீர் 40 டிகிரி வரை போகும், சின்ன உடம்பு சீக்கிரம் சூடேறிவிடும். 5 வயதுக்குள் கூடவே கூடாது.

கோவையிலிருந்து: ஊட்டியில இண்டோர் பூல் உள்ள ரிசார்ட் எது நல்லாருக்கும்?

எனக்கு அந்தப் பக்கம் பழக்கமில்லை. இங்கே நீலகிரிக்காரர்கள் சிலர் இருக்கிறார்கள், தனி இழையில் கேளுங்கள்.

லூட்டனிலிருந்து: புக்கிங் தளத்துல டிக் இருந்தாப் போதும்தானே?

போதாது. முதல் பதிலைப் படியுங்கள்.

பர்மிங்ஹாமிலிருந்து: பையனுக்கு நேத்து வயித்துப்போக்கு. நாளைக்குக் கிளம்பறோம். நீச்சல் டயப்பர் போட்டு இறக்கலாமா?

கூடாது. நீச்சல் டயப்பர் கெட்டியானதைத்தான் பிடித்து நிறுத்தும், வயிற்றுப்போக்கை அல்ல. கடைசியாகப் போனதிலிருந்து 48 மணி நேரம் தண்ணீரில் இறக்காதீர்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் நின்ற பிறகும் 14 நாள். அந்தக் கிருமி குளோரின் போட்ட நீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும், ஹோட்டலில் உள்ள மற்றக் குழந்தைகளுக்கெல்லாம் பரவும்.

ஹாரோவிலிருந்து மறுபடியும்: ரெண்டு ஹோட்டல் பதில் போட்டுட்டாங்க அக்கா. ஒண்ணு 0.8 மீட்டர், 30 டிகிரி, குழந்தைகள் நேரம் 9-12, 2-6. அங்கே போய்ச் சேர்ந்ததும் ‘பூல் மூடியிருக்கு’ன்னு சொன்னா என்ன பண்றது?

அதையே எடுங்கள், ரத்து செய்யக்கூடிய கட்டணத்தில். கிளம்ப மூன்று நாள் முன்பு போன் போட்டு பூல் ஓடுகிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் கெடு முடிவதற்குள் ரத்து செய்துவிட்டு வேறு பார்க்கலாம். வாசலில் வைத்துத்தான் சொல்கிறார்கள் என்றால், அறைச் சாவியை வாங்கும் முன்பே அந்த மின்னஞ்சலை மேலாளரிடம் காட்டி, கட்டணத்தைக் குறைக்கவோ அருகில் உள்ள தங்கள் கிளை ஹோட்டலின் பூலுக்கு அனுமதி வாங்கித் தரவோ கேளுங்கள். ஒப்புக்கொண்டதை அங்கேயே எழுதி வாங்கிவிடுங்கள். செக்-அவுட்டில் இருப்பவர் வேறு ஆளாக இருப்பார்.