இத்தாலிய வினையில் அழுத்தம் எந்த அசையில்?

கேள்வி: இத்தாலிய மொழி கற்கிறேன். கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம் விழும் என்று படித்தேன். ஆனால் 'பேசுகிறார்கள்' என்பதற்கு 'பர்-லா-னொ' என்றால் ஆசிரியை ஒவ்வொரு முறையும் திருத்துகிறார். ஏன்?

பதில்: அந்த விதி பெயர்ச்சொல்லுக்குப் பெரும்பாலும் கைகொடுக்கும். வினையில், அதுவும் 'அவர்கள்' வடிவத்தில், காலை வாரிவிடும்.

அழுத்தம் விழும் அசையை இங்கே நெடிலாக எழுதுகிறேன். (ப, த இரண்டையும் சொல்லின் முதலில் வருவது போல வல்லொலியாகவே படியுங்கள். விலக்கு இரண்டு: 'வசிக்க' வினையின் 'பி'யை 'தம்பி'யில் வரும் 'பி' போலவும், 'ஸ்தூ-தியொ'வின் 'தி'யை 'பந்தி'யில் வரும் 'தி' போலவும் படியுங்கள்.) 'பேசுகிறாள்' என்பது பார்-ல. அதன் பின்னால் ஒரு 'னொ' ஒட்டினால் 'பேசுகிறார்கள்': பார்-ல-னொ. அசைதான் கூடியது, அழுத்தம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதேபோல 'வசிக்கிறாள்' ஆ-பி-த, 'வசிக்கிறார்கள்' ஆ-பி-த-னொ. அழுத்தம் கடைசியிலிருந்து நான்காம் அசையில்! நிகழ்காலத்தில் அது விகுதிக்கு நகர்வது 'நாங்கள்', 'நீங்கள்' வடிவங்களில்தான்: அ-பி-தியா-மொ, அ-பி-தா-தெ. இதில் 'தியா' ஒரே அசை, உடைக்காதீர்கள்.

அப்புறம், அகராதித் தலைச்சொல்லை மட்டும் மனப்பாடம் செய்து பயனில்லை. 'வசிக்க' அ-பி-தா-ரெ, 'கற்க' இம்-ப-ரா-ரெ. இரண்டும் ஒரே வார்ப்பு. ஆனால் 'நான்' வடிவம் ஆ-பி-தொ, இம்-பா-ரொ. இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. புது வினை படிக்கும்போதே 'நான்' வடிவத்தையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

இரட்டை மெய்யில் கஷ்டமே இல்லை, நம் 'அப்-பா' போலத்தான் பிரியும். 'இ' உயிர்தான் வம்பு. 'படிக்கிறேன்' ஸ்தூ-தியொ: இரண்டே அசை. 'அனுப்புகிறேன்' இன்-வீ-ஒ: அழுத்தம் 'இ'யின் மேலேயே விழுவதால் அது தனி அசையாக நிற்கிறது. அதனால்தான் 'அனுப்புகிறாய்' என்று எழுதும்போது கடைசியில் இரண்டு 'இ' வரும், 'படிக்கிறாய்' என்பதில் ஒன்றுதான்.

அழுத்தக் குறி கட்டாயமாவது, பல அசைச் சொல்லில், கடைசி அசை அழுத்தம் பெற்றால் மட்டும். ஆகவே இத்தாலிய எழுத்தில் ஒரே எட்டெழுத்து (capitano) மூன்று சொல்லாகும்: கா-பி-த-னொ (நேர்கின்றன), க-பி-தா-னொ (கேப்டன்), க-பி-த-னோ (தலைமை தாங்கினான்). மூன்றாவதற்கு மட்டுமே குறி உண்டு. 'இதெல்லாம் சகஜம்' என்பதற்கு இத்தாலியர்கள் 'நேர்கிற விஷயங்கள்தானே' என்பார்கள். அங்கே உங்கள் பழைய விதிப்படி அழுத்தினால், நடுவில் கேப்டன் வந்து நிற்பார்.