அதே ரேபரேலி

அன்புள்ள ஐயா,

2024 நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்ததிலிருந்து எதிலும் பிடிப்பில்லை. எனக்கு 27 வயது. ஜனநாயகம், அரசியல் சட்டம் என்று நண்பர்களிடம் பேசிப்பேசி ஓய்ந்துவிட்டேன். 500 ரூபாய்க்கும் சாதிக்கும் ஓட்டுப் போடுகிறவர்கள் நடுவே லட்சியம் எதற்கு? ஓட்டு இயந்திரத்தின் மேலும் சந்தேகமாக இருக்கிறது. வெளிநாடு போய்விடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. நீங்கள் எப்படி நம்பிக்கையைக் காப்பாற்றிக்கொள்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம்), ஓசூர்

அன்புள்ள நண்பருக்கு,

கட்சிப் பெயர் வந்த வரிகளை எடுத்துவிட்டேன். எதிர்த்தரப்புக்காரர் ஒருவரும் ஏறக்குறைய இதே கடிதத்தை எழுதியிருக்கிறார். 370 இடங்கள் என்று சொல்லி 240-இல் நின்றவர்களுக்கும் துக்கம், ஆட்சியே வந்துவிடும் என்று நம்பியவர்களுக்கும் துக்கம். விசித்திரமான தேர்தல்தான்.

இயந்திரத்தைப் பற்றி ஆதாரம் இருந்தால் நீதிமன்றத்துக்குப் போங்கள், இல்லையென்றால் விடுங்கள். வெளிநாட்டுக்கு நல்ல வேலை கிடைத்தால் தாராளமாகப் போங்கள். வாக்காளர்கள் மேல் கோபித்துக்கொண்டு போகாதீர்கள், அவர்கள் வழியனுப்ப வரமாட்டார்கள்.

ஆனால் அந்த 500 ரூபாய் வரி இருக்கிறதே, அதைப் படித்ததும் சுருக்கென்றது. கொஞ்ச நாளாகவே 1980 தேர்தலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் இந்தப் பதில்.

என் பெரியப்பா காமராஜரின் ஆள். இந்திரா பக்கம் போகாமல் பழைய காங்கிரசிலேயே நின்றவர். அவசரநிலை வந்த 1975-லேயே, அக்டோபர் 2 அன்று காமராஜர் போய்விட, வீட்டில் இரட்டைச் சாவு விழுந்த மாதிரி இருந்தார். 1977 மார்ச்சில் உத்தரப் பிரதேசத்தின் 85 இடங்களிலும் பீகாரின் 54 இடங்களிலும் இந்திரா காங்கிரசுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. உத்தரப் பிரதேசத்தில் தன் சொந்தத் தொகுதியான ரேபரேலியில் இந்திராவே தோற்றார். கட்டாயக் கருத்தடைக்கு இழுத்துச் செல்லப்பட்ட, எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்கள் போட்ட ஓட்டு அது. படித்தவர்கள் நிறைந்த நம் தமிழ்நாட்டில், ரயில் நேரத்துக்கு வருகிறது என்று மெச்சிக்கொண்டிருந்த நம் தமிழ்நாட்டில், 39-க்கு 34 இடங்கள் அவர் கூட்டணிக்கு. இதை நாம் அதிகம் பேசுவதில்லை.

மொரார்ஜி தேசாய் தலைமையில் ஜனதா கட்சி ஆட்சிக்கு வந்தது. மூன்றே வருஷம். 1980 ஜனவரியில் இந்திரா 353 இடங்களுடன் திரும்பி வந்தார். அவசரநிலையில் ஆட்சியைப் பறிகொடுத்து, தலைவர்கள் விசாரணையில்லாமல் அடைக்கும் மிசா சட்டத்தில் சிறைபட்ட திமுகவே 'நேருவின் மகளே வருக, நிலையான ஆட்சி தருக' என்று அழைத்தது. இங்கே 37 இடங்கள் அந்தக் கூட்டணிக்குப் போயின.

அன்று வீட்டுக்கு வந்திருந்த வக்கீல் நண்பர் உங்களை மாதிரியேதான் சொன்னார். படிக்காத கூட்டம், இதுகளுக்கு என்ன தெரியும் என்று. பெரியப்பா சத்தம் போட்டார். "அதே ரேபரேலிதான்யா! மூணு வருஷம் முன்னாடி அவங்க அறிவாளி, இப்ப முட்டாளா? மொரார்ஜியும் சரண்சிங்கும் நாற்காலிக்கு அடிச்சுக்கிட்டப்ப, வெங்காயம் விலை ஏறினப்ப, நீ என்ன பண்ணின?" வக்கீல் காப்பி குடிக்காமலேயே கிளம்பிவிட்டார்.

தம்பி, உங்களுக்கு வேண்டிய முடிவு வந்தால் மக்கள் தீர்ப்பு, வராவிட்டால் 500 ரூபாய்! பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. வாங்கிக்கொண்டு வேறு ஆளுக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த ஜனங்களோடு ஒரு சாயங்காலமாவது உட்கார்ந்து பேசியிருக்கிறீர்களா? நண்பர்களிடம் பேசிப்பேசி ஓய்ந்தேன் என்கிறீர்கள், அவர்கள் எல்லாரும் ஏற்கெனவே உங்கள் கட்சிதானே?

சரி, திட்டியது போதும். நம்பிக்கை போய்விடாமல் இருக்கப் பெரியப்பா பிடித்துக்கொண்டது அரசியல் சட்டத்தின் 44-ஆவது திருத்தத்தை. சண்டை போட்டே செத்த ஜனதா அரசு, மாநிலங்களவையில் பெரும்பான்மைகூட இல்லாமல், 1978-இல் அதை நிறைவேற்றியது. இனி வெறும் 'உள்நாட்டுக் குழப்பம்' என்று சொல்லி அவசரநிலை கொண்டுவர முடியாது, ஆயுதக் கிளர்ச்சி இருக்க வேண்டும். அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வர வேண்டும் (1975-இல் ஜனாதிபதி கையெழுத்துப் போட்ட பிறகு, மறுநாள் காலையில்தான் அமைச்சரவைக்கே சொன்னார்கள்). அவசரநிலையிலும் உயிர்வாழும் உரிமைக்காக நீதிமன்றம் போவதைத் தடுக்க முடியாது. 1976-இல் உச்ச நீதிமன்றத்தில் கன்னா என்ற ஒரே நீதிபதி, மற்ற நால்வரை எதிர்த்து, தனியாக எழுதிய கருத்து இப்படித்தான் சட்டமாயிற்று. 353 இடங்களோடு வந்தவர்கூட அதை அழிக்கவில்லை. 1980-லேயே, விசாரணையில்லாமல் அடைத்து வைக்க வழிசெய்யும் தேசியப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார் என்பதும் உண்மை.

அதே திருத்தத்தில் 3-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. ஆலோசனைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒருவரை விசாரணையின்றி அடைத்து வைக்கக்கூடிய கெடுவை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைப்பது. நாடாளுமன்றம் நிறைவேற்றியாயிற்று, அமலுக்கு வரும் தேதியை மட்டும் அரசு அறிவிக்க வேண்டும். ஜனதா அறிவிக்கவில்லை, காங்கிரஸ் அறிவிக்கவில்லை, பாஜகவும் அறிவிக்கவில்லை. நீங்கள் ஓட்டுப் போட்ட கட்சி வந்திருந்தால் அறிவித்திருக்குமா என்று அவர்களிடம் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.