மாதம் 1,000 ரூபாய் தருகிறேன். யாரிடம் கணக்குக் கேட்பது?

கேள்வி: மால் வாசலில் நின்ற இளைஞர் ஒருவர் பேசியதில், வெளிநாட்டுப் பெயர் கொண்ட தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு மாதம் 1,000 ரூபாய் தரக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒரு குழந்தையின் படமும் கடிதமும் வருகின்றன. பணம் அந்தக் குழந்தைக்குத்தான் போகிறதா? அமெரிக்காவில் இருக்கும் என் மகனும் தர நினைக்கிறான். – ஒரு வாசகர், திருச்சி

பதில்: பெரும்பாலும் நேராக அந்தக் குழந்தைக்குப் போகாது. குழந்தை ஆதரவுத் திட்டங்களில் பணம் ஊரின் பொதுப் பணிகளுக்கே செலவாகும். படிவத்தின் பொடி எழுத்தில் அப்படித்தான் இருக்கும். அது மோசடி இல்லை. ஆனால் கையெழுத்து வாங்கும்போது யாரும் அதைச் சொல்வதில்லை.

அந்த இளைஞர் அநேகமாகத் தொண்டு நிறுவனத்தின் ஆளே இல்லை, வசூல் ஏஜென்சியின் ஆள். இப்படிச் சேரும் நன்கொடையில் முதல் சில மாதப் பணம் ஏஜென்சி கட்டணத்துக்கே சரியாகிவிடுவது உண்டு. ‘நூற்றுக்கு 85 ரூபாய் ஏழைகளுக்கு’ என்று அவர் காட்டும் வட்டப் படத்தை நம்பாதீர்கள். நான் தணிக்கை செய்யப் போன ஓரிடத்தில் ‘விழிப்புணர்வுப் பணி’ என்ற தலைப்பு ஏழைகளுக்கான திட்டச் செலவோடு சேர்ந்திருந்தது. வவுச்சர்களைப் புரட்டினால், அதில் பாதிக்கு மேல் வசூல் ஏஜென்சியின் பில்!

பெரிய பெயர் என்பதும் உத்தரவாதம் இல்லை. 2010 ஹைட்டி நிலநடுக்கத்துக்காக அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கம் ஏறக்குறைய 50 கோடி டாலர் திரட்டியது. அது கட்டிய நிரந்தர வீடுகள் ஆறுதான் என்று 2015இல் அமெரிக்கச் செய்தி நிறுவனங்களான புரோபப்ளிகாவும் என்பிஆரும் விசாரித்து எழுதின. சங்கம் வேறு கணக்குச் சொன்னது. ஆனால் எந்தப் பணம் எங்கே போனது என்ற முழு விவரம் வெளியே வரவில்லை.

சரி, நீங்கள் யாரைக் கேட்பது? லண்டன், ஜெனிவா தலைமையகத்துக்கு எழுதிப் பயனில்லை. உங்கள் பணத்தை வாங்குவது இங்கே பதிவான டிரஸ்ட், சொசைட்டி அல்லது பிரிவு 8 கம்பெனி (லாப நோக்கமில்லாத கம்பெனி). ரசீதில் பெயர் இருக்கும். கம்பெனி என்றால் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் (எம்சிஏ) தளத்தில் 100 ரூபாய் கட்டி அதன் ஆவணங்களை நீங்களே பார்க்கலாம். டிரஸ்ட் என்றால் அந்த வசதி இல்லை. இங்கிலாந்தில் ஓரளவு பெரிய அறநிறுவனத்தின் கணக்கை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். இங்கோ, உள்துறை அமைச்சகத் தளத்தில் கிடைத்துவந்த, தொண்டு நிறுவனங்களின் வெளிநாட்டு நிதி ஆண்டறிக்கைகளையும் 2022 ஜூலையில் எடுத்துவிட்டார்கள். கொடுக்கிறவன் பார்க்கக் கூடாத அளவுக்கு அதில் என்ன ரகசியம்?

மகன் விஷயத்தில் கவனம் தேவை. அவரிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருந்து, சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. கிரீன் கார்டு இருந்தாலும் அப்படித்தான். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டாரா, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டைதான் இருக்கிறதா? அப்படியானால் ரூபாயாகக் கொடுத்தாலும், சென்னைக்கு வந்து நேரில் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நிதி. எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ உள்ள நிறுவனம் மட்டுமே, டெல்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் வைத்திருக்கும் கணக்கில் அதை வாங்கலாம். ‘அப்பா கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள், நீங்கள் கொடுத்ததாகப் போட்டுக்கொள்கிறோம்’ என்று வசூல்காரர்கள் சொல்வார்கள். ஒருபோதும் செய்யாதீர்கள். எத்தனை கை மாறி வந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது வெளிநாட்டு நிதிதான்.

வரிச் சலுகை ஆசை காட்டியிருந்தால், பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அது.

இப்போது ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். கடைசி ஆண்டின் தணிக்கை அறிக்கையை, பின்னிணைப்புக் குறிப்புகளோடு கேளுங்கள். அப்புறம், வசூலுக்கு ஆன செலவு எந்தத் தலைப்பில் இருக்கிறது என்று ஒரே ஒரு கேள்வி. ஒரு மாதம் பொறுத்திருங்கள். பதிலாக இன்னொரு குழந்தைப் படம்தான் வந்தால், உங்கள் வங்கிக்குப் போய், மாதாமாதம் பணம் எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதியை (மேண்டேட்) ரத்து செய்துவிடுங்கள். அதற்கு நிறுவனத்தின் சம்மதம் தேவையில்லை.